ஒரு சிட்டிகைச் சாம்பிராணி

சர்ச் மண்டபத்தின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை மீறி எல்லாருக்கும் கேட்க வேண்டுமே என்று கிட்டத்தட்டக் கத்தித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

வாசித்தது ரோமாபுரிக் காலத்துச் சேதி. ஒரு நீதிபதி. அவர் முன்னால் நிற்பது ஒரு கிறிஸ்தவப் பெண். நீதிபதி பொல்லாதவர் இல்லை, அவளைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். நீ உன் மனசை மாற்றிக்கொள்ள வேண்டாம், வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டாம், இந்த நெருப்பில் ஒரே ஒரு சிட்டிகைச் சாம்பிராணி போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்கிறார். அவள் மாட்டேன் என்கிறாள். அதற்காகவே சாகிறாள்.

அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது.

"அக்கா, தண்ணி வேணுமா?" என்று ஜெசிந்தா போத்தலை நீட்டினாள். மழையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தாள்.

நான் என் வலது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்னால் அந்தக் கையால்தான் என் வீட்டுக்காரரின் முருகனுக்கு விளக்கேற்றி, தணலில் சாம்பிராணி போட்டுவிட்டு வந்திருந்தேன். ஒரு சிட்டிகைதான்.

இரண்டு சுவர், இரண்டு சாமி

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் கல்யாணக் கதை தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பாகான் டாலாமில் வளர்ந்த வேதக்காரப் பெண். இவர், சண்முகம், தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை, லாரி ஓட்டியவர், முருக பக்தர். இரு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, நாங்கள் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்கு வந்துவிட்டோம்.

வந்த முதல் வாரமே ஒரு ஒப்பந்தம். ஹாலின் கிழக்குச் சுவர் அவருக்கு. ஜன்னல் பக்கச் சுவர் எனக்கு. அவருடைய சாமிப் பலகையை அவர் துடைப்பார், என் மாதா மேடையை நான் துடைப்பேன். ஒருவர் பலகையை மற்றவர் தொடக்கூடாது. ஒருவர் மற்றவரைத் தன் சாமி பக்கம் இழுக்கவும் கூடாது, கேலியும் கூடாது. வீடு மாறி வீடு மாறி, கடைசியில் ஜெலுத்தோங் பக்கம் இந்த பிளாட்டுக்கு வந்தபோதும் முதலில் முடிவு செய்தது எந்தச் சுவர் யாருக்கு என்பதைத்தான்.

தொடக்கூடாது என்பதை வெகுகாலம் காப்பாற்றினோம். கேலி கூடாது என்பதை இருவருமே காப்பாற்றவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

ஜெசிந்தா வங்கியில் வேலை பார்க்கிறவள். என் மகள் வயது. தபால் மூலமாக இறையியல் படித்தாள். ஆதித் திருச்சபையின் பெரியவர்கள் ரோமர்களின் சாமிகளைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். தமிழ் மொழிபெயர்ப்பைப் போட்டோஸ்டாட் எடுத்துக் கொண்டுவருவாள். ஆனால் இங்கிலீஷில் படித்து வளர்ந்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். நான் தமிழ்ப் பள்ளியோடு நின்றவள். எழுத்து எனக்குத் தடுக்காது, அர்த்தம்தான் தடுக்கும். ஆகவே நான் வாசிப்பேன், அவள் விளக்குவாள்.

எனக்கு அதில் ஒரு சொந்த ஆறுதல் இருந்தது. இவருக்கு இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி முற்றி, வலது கால் விரல்களை எடுத்திருந்த நேரம் அது. "ஒரே வீட்ல ரெண்டு சாமி கும்பிட்டா கோவம் வராதா பின்ன?" என்று இவர் தங்கச்சி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொல்லிவிட்டாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். எனக்குத்தான் சொன்னாள்.

அந்த வாரம் நாங்கள் வாசித்தது, ரோமாபுரி எதிரிகள் கையில் விழுந்தபோது ஊர்க்காரர்கள் கிறிஸ்தவர்கள் மேல் பழி போட்ட கதை. பழைய தெய்வங்களை விட்டீர்கள், அதனால்தான் கேடு வந்தது என்றார்களாம். அதற்கு ஆப்பிரிக்காக் கரையில் இருந்த ஒரு ஆயர், பிஷப், பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறார். இதற்கு முன்னால் உங்களுக்குப் பஞ்சம் வரவில்லையா? நோய் வரவில்லையா? நீங்கள் போரில் தோற்றதே இல்லையா? அப்போதெல்லாம் அந்தத் தெய்வங்கள் எங்கே போயிருந்தன?

இனிப்புநீர் இவர் அப்பாவுக்கும் இருந்தது, பெரியப்பாவுக்கும் இருந்தது. அவர்கள் வீட்டில் மாதா இல்லை. அந்த ஆயர் என் நாத்தனாருக்கே பதில் எழுதியது போல இருந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

கதவுக்கு மூன்று பேர்

வெள்ளிக்கிழமை வாசித்ததைச் சனிக்கிழமை காலை இவருக்கும் வாசித்துக் காட்டுவேன். லாரியையும் மோட்டார் சைக்கிளையும் விட்டு வீட்டோடு கிடக்கிற மனிதர். சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு ரோமாபுரியைப் பார்க்கட்டுமே என்று ஆரம்பித்தது.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இவர் ரோமர்கள் பக்கம் வக்கீலாக உட்கார்ந்துவிட்டார்.

ஆயர் ஓரிடத்தில் கிண்டல் செய்கிறார். ஒரு வீட்டுக்கு ஒரு வாயில்காப்பவன் போதும், ஆனால் ரோமர்கள் கதவுப் பலகைக்கு ஒரு தெய்வம், கீலுக்கு ஒரு தெய்வம், நிலைப்படிக்கு ஒரு தெய்வம் என்று மூன்று பேரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று.

"மூணு பத்தாது," என்றார் இவர். "நம்ம பிளாட்டு பூட்டுக்குத் தனியா ஒரு சாமி வேணும். அது அவ்ளோ லேசுல தொறக்காது."

"வெளையாடாதீங்க. அவரு கேக்குறது நாயம்தானே?"

"நாயந்தான் லா. ஆனா ரோமக்காரனும் ஒண்ணு சொல்லுவான்ல? பெரிய ஆபீசுல பாஸ் ஒருத்தருதான். அதுக்காக வாசல் கேட்டு தொறக்க பாஸா வருவாரு? அங்க காவலுக்கு ஜாகா ஒக்காந்திருக்கான்ல?"

"அப்ப பாஸுக்கு சலாம் வைங்க. ஜாகாவுக்கு எதுக்குப் பால்குடம்?"

இவர் கட்டிலில் கையைத் தட்டிச் சிரித்தார். விரல்களை எடுத்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இன்னொரு சனிக்கிழமை நான் தோற்றேன். ரோமர்களின் தெய்வங்கள் அதற்கு முன்பே எரிந்துபோன வேறொரு ஊரிலிருந்து வந்தவையாம். தப்பி ஓடியவன் ஒருவன் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்தானாம். மனிதன் தூக்கிக் காப்பாற்றிய தெய்வம் மனிதனை எப்படிக் காப்பாற்றும் என்று ஆயர் கேட்கிறார். இதற்குப் பதிலே இல்லை என்று நினைத்து அழுத்தி வாசித்தேன்.

இவர் கோப்பியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "சுங்கை பினாங்கு வீட்ல வெள்ளம் வந்துச்சே, அப்ப உன் மாதாவ யாரு தூக்கிட்டு வந்தா?"

மார்பளவுத் தண்ணீரில் இவர்தான் தூக்கி வந்தார். ஒரு கக்கத்தில் முருகன் படம். தலைமேல் ரைஸ் குக்கர் பானை, அதற்குள் துண்டில் சுற்றிய மாதா.

"சுரூபம் மாதா இல்லீங்க. அது நம்ம ஞாபகத்துக்கு."

"எங்க படமும் கண்ணாடி போட்ட காயிதந்தான். எனக்குத் தெரியாதா?"

அடுத்த வெள்ளிக்கிழமை இதை ஜெசிந்தாவிடம் கேட்டேன். "அலாமா, நல்ல கேள்வி லா அக்கா, அடுத்த வாரம் சொல்றேன்," என்றாள். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. அதனால் ஆயர் தவறு என்று நான் நினைக்கவில்லை. படைத்தவர் ஒருவரே என்று அவர் சொல்லும்போது என் உள்ளம் ஆமாம் ஆமாம் என்கிறது. ஆனால் ஆயருக்குச் சண்முகத்தைத் தெரியாது.

விளக்கு

இனி அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சாயங்காலம், பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டது. இத்தனை வருஷமும் அந்தப் பாங்குதான் இவருக்குக் கடிகாரம். அது கேட்டதும் முகம் கழுவி, சாமிப் பலகைக்கு முன்னால் நிற்பார். அன்று எழுந்து நிற்கக் காலில் பலம் இல்லை. பலகை தலைக்குமேல் உயரத்தில். தள்ளுநாற்காலியில் இருந்தபடி அதையே பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நான் கையைக் கழுவிக்கொண்டு போய் ஏற்றினேன். வெள்ளம் வந்த நாளைத் தவிர்த்தால், அந்த ஒப்பந்தத்தை நான்தான் முதலில் மீறினேன். திரும்பிப் பார்த்தால் இவர் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் ஏற்றினேன். அது பூசை இல்லை, பணிவிடை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புண்ணைக் கழுவுகிறேன், மருந்து கட்டுகிறேன், விளக்கும் ஏற்றுகிறேன்.

பிறகு ஒரு நாள் கிளினிக்கில், புண் ஆறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அன்று சாயங்காலம் சாம்பிராணி போடும்போது என் உதடு தானாக அசைந்தது. "முருகா, இந்தக் காலை மட்டும் விட்டுடு."

இது எனக்கு மட்டும் தெரியும். அதன் பிறகு புண் கொஞ்சம் கொஞ்சமாக ஆற ஆரம்பித்ததும், வேறு சாமியிடம் வேண்டிவிட்டேனே என்ற பயம் இன்னும் கூடியதும் எனக்கு மட்டும் தெரியும்.

இப்போது சொல்லுங்கள், அந்த மழை நாளில் என் குரல் ஏன் நிற்காது?

என் வீட்டு வாசலை எழுதியவர்

அன்றைக்குக் கொடுத்த தாள்களில் இன்னொரு பக்கமும் இருந்தது. ஆயருக்கும் முந்தைய காலத்தவர், ரொம்பக் கோபக்காரர் ஒருவர் எழுதியது. வேறு சாமி கும்பிடுகிற வீட்டில் ஒரு கிறிஸ்தவ மனைவி எப்படி இருப்பாள் என்று சொல்கிறார். பண்டிகை நாளில் வாசலில் இலையும் விளக்கும் தொங்கும், அவள் அதற்குள் நுழைந்துதான் போய்வர வேண்டும். அந்தச் சாமிகளின் புகை அவள் மூக்கில் ஏறும். அவள் ஜெபிக்க எழுந்தால் புருஷன் ஒரு மாதிரி பார்ப்பான்.

எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ இருந்த மனிதர், ஜெலுத்தோங்கில் என் வாசலில் தொங்கும் மாவிலையைப் பார்த்துவிட்டுப் போய் எழுதினது மாதிரி இருந்தது.

ஃபாதரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் தமிழ் தெரியாது. பூசையில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழைப் பார்த்து வாசிப்பார், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், புருஷனுக்காக விளக்கு ஏற்றுகிறேன் என்றேன். பரவாயில்லை ஆன்ட்டி, புருஷனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். உதடு அசைந்ததைச் சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை. அழுகைதான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் வரிசையில் போனார்கள். வேறு சாமியிடம் வேண்டிய வாயால் அதை வாங்கத் துணியாமல் நான் பெஞ்சிலேயே முழந்தாளிட்டிருந்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அதுவே வழக்கமாகிவிட்டது. விளக்கேற்றுவதையும் விட முடியவில்லை. நான் ஏற்றாவிட்டால் இவர் அந்த இருட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே. ஏற்றினால் நான் வரிசையில் நிற்க முடியாது. இரண்டில் ஒன்றை இழந்துதான் ஆக வேண்டும் போலிருந்தது.

பப்பாளியோடு வந்தவள்

ஒரு சனிக்கிழமை ஜெசிந்தா பப்பாளிப் பழம் வாங்கிக்கொண்டு இவரைப் பார்க்க வந்தாள். கொஞ்ச நேரம் இவரோடு லாரிக் கதை பேசினாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நாளா நன்மை வாங்க நீங்க லைன்ல வரவே இல்ல. ஒடம்பு ஏதும் சரியில்லையா?"

மெதுவாகத்தான் கேட்டாள். எங்கள் பிளாட்டில் மெதுவாகப் பேச இடம் ஏது?

"என்னா சொல்றா இந்தப் புள்ள?" என்றார் இவர். "நீ லைன்ல போறதில்லையா?"

நான் பப்பாளியை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

"ஆரோக்கியம், ஒன்னத்தான் கேக்குறேன்," என்று என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை மோட்டார் சைக்கிளில் பூசைக்குக் கொண்டுபோய் விட்டவர். உள்ளே வந்ததில்லை, எதிரில் உள்ள கோப்பிக் கடையில் காத்திருப்பார். பிள்ளைகள் வயிற்றில் இருந்தபோதும், இவர் வேலை இல்லாமல் இருந்தபோதும் நான் அந்த வரிசையை விட்டதில்லை என்று இவருக்குத் தெரியும். வேறு எவரையும்விட நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னேன். மழை நாள், நீதிபதி, சிட்டிகைச் சாம்பிராணி. உதடு அசைந்ததையும் சொன்னேன்.

ஜெசிந்தாவின் கண் கலங்கிவிட்டது. "அந்தப் பேப்பர நான் குடுத்திருக்கவே கூடாது அக்கா."

"குடுத்தது சரிதாம்மா," என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"அந்தப் பக்கத்த எடுத்துட்டு வந்து படி," என்றார் இவர்.

அந்தக் கோபக்காரரின் பக்கத்தை வாசித்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பொகை மூக்குல ஏறுதுன்னு வரைக்கும் எழுதியிருக்காரே. அவருக்குத் தெரிஞ்ச வீட்லயும் ஒரு சண்முகம் இருந்திருப்பான் போல." பிறகு என்னைப் பார்த்தார். "ஒன்ன ஏத்தச் சொல்லி நான் கேட்டனா?"

"கேக்கல. பாத்தீங்க."



"ஆமா. பாத்தேன்," என்றார். "அந்த நீதிபதியும் நல்லவன்னுதானே சொன்ன? அந்தப் பொண்ணு மேல எரக்கப்பட்டவன்."

"ஆமாங்க."

"நான் அந்த ஆளா இருக்க மாட்டேன். இன்னையிலேருந்து நீ ஏத்தாத. என் சாமிக்கு என் கை போதும்."

"கை போதும், எட்டணுமே?"

"அது என் தலவலி." சட்டென்று குரல் மாறியது. "முருகன்கிட்ட கேட்டியா? எனக்காகவா?"

"பின்ன யாருக்கு?"

"எங்க ஆளு காதுல விழுந்துச்சா, ஒங்க ஆளு காதுல விழுந்துச்சான்னு தெரியல. கால் இருக்குல்ல?"

ஜெசிந்தா அழுதுகொண்டே சிரித்தாள். யார் காதில் விழுந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இவருக்கும் சந்தேகம் இருக்காது. அதை அன்று நாங்கள் விவாதிக்கவில்லை.

பலகை இறங்கியது

மறுநாள் பக்கத்து வீட்டுச் சீனர் ஆ குவானை டிரில்லோடு வரச் சொன்னார். கூட்டாளி மாதிரி பழகுகிற மனிதர், தச்சு வேலை தெரிந்தவர். தள்ளுநாற்காலியில் உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில் பலகையை இறக்க வேண்டும். ஆ குவான் பென்சிலால் சுவரில் கோடு போட்டார். அதைப் பார்த்ததும் இவர் முகம் சுருங்கிவிட்டது.

"இவ்ளோ கீழயா? சாமிய இடுப்புகிட்ட வக்கிறதா? வேணாம் லா. வேணாம், விட்ரு."

பரம்பரை பரம்பரையாகத் தலைக்குமேல் வைத்தே கும்பிட்டவர்கள். எனக்கே பாவமாகிவிட்டது. பழையபடி நானே ஏற்றிவிடுகிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது.

ஆ குவான் டிரில்லைக் கீழே வைத்தார். திறந்திருந்த எங்கள் கதவு வழியாக, திறந்திருந்த தன் கதவைக் காட்டினார். அவர் வீட்டில் பெரிய சாமிகள் மேலே இருந்தார்கள். அந்த மேசைக்கு அடியில், சிமெண்டுத் தரையிலேயே, சிவப்புப் பெட்டிக்குள் ஒரு சாமி. நிலத்துக்குச் சொந்தக்கார சாமி. முன்னால் மூன்று கிண்ணம் தேநீர்.

மலாயில் சொன்னார். "அவர் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார், சண்முகம். இத்தனை வருஷத்தில் ஒரு புகார் சொன்னதில்லை. நான் கும்பிட உட்கார்ந்தால் நேருக்கு நேர் பார்க்கிறார்."

இவர் அந்தச் சிவப்புப் பெட்டியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நேருக்கு நேரா," என்றார். பிறகு, "சரி, போடு."

அந்தக் கோபக்காரர் இன்னொரு பக்கத்தில், கொத்தனும் தச்சனும்கூட அந்தச் சாமிகளுக்கு வேலை செய்யக்கூடாது என்கிறார். ஆகவே திருகாணி டப்பாவை நான் தொடவில்லை. கோப்பி போட்டேன். கோப்பி ஆ குவானுக்கு.

சாயங்காலம் பாங்கு கேட்டது. நான் சமையல்கட்டு வாசலில் நின்றேன். இவர் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போனார். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது உடைந்தது. என் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது.

"வராத. வந்தா ஒத விழும்."

"எந்தக் கால்ல ஒதப்பீங்க?"

"நல்லா இருக்குற கால்ல!"

சிரித்ததில் அடுத்த குச்சியும் அணைந்தது. அதற்கடுத்தது பற்றிக்கொண்டது. சுடர் இவர் முகத்துக்கு நேரே எழுந்தது. மாதக்கணக்காக வாய்க்குள்ளேயே முணுமுணுத்தவர், அன்று வாய்விட்டு "முருகா" என்றார். நான் ஜன்னல் பக்கம் போய் ஜெபமாலையை எடுத்தேன். ஒரே ஹாலில் இரண்டு குரல். ஒன்றோடொன்று கலக்கவும் இல்லை, இடிக்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வரிசையில் நின்றேன். அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை. கையை நீட்டினேன், வாங்கிக்கொண்டேன்.

அதற்கடுத்து வந்த வெள்ளிக்கிழமைத் தாளைச் சனிக்கிழமை காலை பிரித்தபோது, இவர் தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ம், படி. இந்த வாரம் எங்க ஆளுங்களுக்கு என்னா திட்டு?"

உங்களிடம் சொல்வதற்கென்ன, அதுவரை இவர் மனம் நோகுமே என்று ரொம்பக் காட்டமான வரிகளை நான் வாசிக்காமல் தாண்டிவிடுவேன். அந்த வாரத் திட்டு மற்ற எல்லா வாரங்களையும்விடப் பலமாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தேன். ஒரு வரியைக்கூட விடவில்லை.